நடை திரும்பிவிட்டது, அப்பாவின் நிதானம் எங்கே?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன் சிறுமூளையில் பக்கவாதம் வந்தது. தள்ளாட்டம் போய் இப்போது நன்றாக நடக்கிறார். ஆனால் மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தால் பாதியில் திணறுகிறார். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். நினைவாற்றல் சோதனையில் குறை இல்லை என்கிறார்கள். இது மறதி நோயின் தொடக்கமா?

பதில்: இது வீம்பும் அல்ல, வயதின் குணமும் அல்ல. பெரும்பாலும் அந்தப் பக்கவாதம் விட்டுச்சென்ற பாதிப்புதான்.

சிறுமூளை என்றால் நடை, சமநிலை, கை நடுக்கம் என்றுதான் மருத்துவர்களாகிய நாங்களே வெகுகாலம் படித்துவந்தோம். எடையில் அது மூளையின் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மூளையின் நரம்பணுக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அதற்குள்தான் இருக்கின்றன. நரம்பியல் மருத்துவர் ஜெரமி ஷ்மாமன், நரம்பு உளவியலாளர் ஜேனட் ஷெர்மன் இருவரும் சிறுமூளை பாதிக்கப்பட்ட 20 பேரை ஆராய்ந்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திட்டமிடுதல், இடத்தையும் வடிவத்தையும் உணர்தல், மொழி, உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் இந்நோயாளிகளிடம் குலைவதை அது காட்டியது. டம்ளரை எடுக்க நீளும் கை இலக்கைத் தாண்டிவிடாமல் அளந்து நிறுத்துவது சிறுமூளை. எண்ணத்தையும் கோபத்தையும் அப்படியே அது அளந்து நிறுத்துகிறது என்பது ஷ்மாமனின் விளக்கம். நடைக்கு முக்கியமானது சிறுமூளையின் முன்மடல். சிந்தனைக்கு உதவுவது பின்மடல். அதனால்தான் நடை தேறியவருக்கும் கணக்கு தடுமாறுகிறது.

மறதி நோய் பொதுவாக மெல்ல மெல்ல வரும். உங்கள் அப்பாவின் மாற்றம் பக்கவாதம் வந்த நாளிலிருந்தே தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். சிறுமூளை பாதிப்பில் செய்தி பெரும்பாலும் மனத்தில் பதிந்தே இருக்கும். தேடி எடுப்பதுதான் கடினம். ஒரு குறிப்புக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். மாறாக, மாதத்துக்கு மாதம் மோசமானால் மறுபரிசோதனை கட்டாயம் தேவை.

வழக்கமான நினைவாற்றல் சோதனை இதைத் தவறவிடுவது சகஜம். சிறுமூளைக்கென்றே 2018-இல் வெளியான ஷ்மாமன் அளவுகோலைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அதில் ஒரு பகுதி: ஒரு காய்கறி, ஒரு தொழில் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். 'கேரட், தச்சர், பீன்ஸ், ஆசிரியர்' வரை சரளமாக வந்தவர் அடுத்ததாக எந்த வகையைச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் குடும்பத்தாருக்குப் பல விஷயங்கள் புரிந்துவிடும். மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத்தடை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. இவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை.

வீட்டில், மின்கட்டண வேலையை ஒரு வரிக்கு ஒரு படியாகத் தாளில் எழுதி, முடித்ததை அவரே அடித்துக்கொண்டு போகட்டும். அப்போது தொலைக்காட்சி ஓடக்கூடாது. ஒருவர் மட்டுமே பேச வேண்டும். கோபம் வந்தால் வாதாடாமல் சற்று நேரம் விட்டுவிடுங்கள். வண்டி ஓட்டுவதை மருத்துவர் சம்மதிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகும் தொடரலாம். முழுமையாகத் திரும்பும் என்று என்னால் வாக்களிக்க முடியாது.

திடீரென மீண்டும் தள்ளாட்டமோ, இரட்டைப் பார்வையோ, வாந்தியுடன் கடும் தலைவலியோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.