அகழிக்குள் ஒரு பட்டாலியன்: பகலில் உறக்கம், இரவில் வேலை

வாசகர் கேள்வி: முதல் உலகப்போர் பின்னணியில் சிறுகதை எழுதுகிறேன். 1916 ஜனவரி, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி, பிரிட்டிஷ் காலாட்படை. என் நாயகன் பகல் முழுக்க எதிரியைச் சுடுகிறான். இரவு 9 மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். இது பொருந்துமா?

பதில்: இரண்டு காட்சிகளையும் இடம் மாற்ற வேண்டும். அகழியில் நாள் தலைகீழாக ஓடியது. வெளிச்சத்தில் தலை தூக்கினால் குறிபார்த்துச் சுடுபவனுக்கு இரை. அதனால் மண் வேலை, சுமை, ரோந்து எல்லாம் இருட்டில்தான். ஜனவரியில் அங்கே சூரியன் ஏழே முக்காலுக்கு எழுந்து மாலை 4 மணிவாக்கில் மறைந்துவிடும். ஆக, ஏறக்குறைய 16 மணி நேர இரவுதான் உங்கள் நாயகனின் வேலை நேரம்.

பட்டாலியன் என்றால் ஏட்டுக் கணக்கில் சுமார் 1,000 பேர். களத்தில் பெரும்பாலும் அதற்கும் குறைவு. நான்கு கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் நான்கு பிளாட்டூன்கள். வழக்கமாக இரண்டு கம்பெனிகள் முன்வரிசையில் நிற்கும், மற்றவை பின்னால் துணை அகழியிலும் இருப்பிலும் இருக்கும். சில நாளுக்கு ஒருமுறை முறை மாறும். ஃபிளாண்டர்ஸில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஆகவே ‘ஆழமான பள்ளம்’ என்று எழுதாதீர்கள். மணல் மூட்டைகளை அடுக்கி மேலே எழுப்பிய சுவர்தான் அங்கே பாதி அகழி. நேர்கோடாகவும் இருக்காது. ஒரு குண்டு விழுந்தால் சிதறல் நெடுக ஓடிவிடாதபடி, சில கஜத்துக்கு ஒரு திருப்பம் வைத்து வெட்டியிருப்பார்கள்.

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ‘ஸ்டாண்ட்-டு’. அத்தனை பேரும் சுடும் திட்டில் ஏறி, துப்பாக்கி முனையில் பயோனெட் கத்தியை மாட்டி நிற்பார்கள். தாக்குதலுக்குத் தோதான நேரம் மங்கலான வெளிச்சம் என்பதே காரணம். அந்தியிலும் இதே ஏற்பாடு. நன்றாக வெளுத்ததும் கலைவார்கள். ரம் வழங்குவது பெரும்பாலும் இந்த வேளையில்தான்: ஒரு காலன் (சுமார் நாலரை லிட்டர்) ஜாடி அறுபது பேருக்குச் சற்று மேல் வரும். யாரும் சேர்த்து வைத்துக் குடிக்காதபடி அதிகாரி எதிரிலேயே விழுங்க வேண்டும். பிறகு துப்பாக்கி சுத்தம். நூலில் கோத்த துணித்துண்டைக் குழலுக்குள் இழுத்து, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டில் அப்பிய சேற்றைத் துடைக்க வேண்டும். சேறு இறுகினால் போல்ட் நகராது, துப்பாக்கி வெறும் தடிதான். அதனால் மற்ற வேளையில் போல்ட்டைத் துணி உறையால் மூடி வைப்பார்கள்.

அடுத்தது பாதப் பரிசோதனை. கதையில் இதற்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். முதல் குளிர்காலத்திலேயே அகழிப்பாத நோய் ஆயிரக்கணக்கானோரை முடக்கியிருந்தது. உறைபனியால் வருவதல்ல இது. உறையாத குளிர்நீரில் மணிக்கணக்காக நிற்பதும், பூட்ஸும் காலில் சுற்றிய பட்டியும் இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுப்பதும்தான் காரணம். முதலில் மரத்துப்போகும். பிறகு பூட்ஸுக்குள் திரும்ப நுழையாத அளவுக்கு வீங்கும், கொப்புளிக்கும், முற்றினால் கறுத்து அழுகும். அதனால் நாளுக்கு ஒருமுறையாவது பூட்ஸைக் கழற்றி, துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, உலர்ந்த காலுறை மாட்ட வேண்டும் என்பது கட்டளை. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் தேய்த்துவிடுவார்கள். நெருப்பருகே காலை நீட்டக் கூடாது. மரத்த கால் சூட்டில் இன்னும் கெடும். ஒரு பிளாட்டூனில் நோயாளிகள் கூடினால் அதன் இளம் லெப்டினன்ட்தான் பதில் சொல்ல வேண்டும்.

பகலில் சுவருக்கு மேலே எதிரியைப் பார்ப்பது காவலாளி மட்டும், அதுவும் பெரிஸ்கோப் வழியாக. மற்றவர்கள் சுவரில் குடைந்த பொந்தில் கிடைத்த நேரம் தூங்குவார்கள், சீலைப்பேனை மெழுகுவத்திச் சுடரில் பொசுக்குவார்கள். புகை எழுந்தால் குண்டு வரும் என்பதால் விறகு மூட்டிச் சமைப்பதில்லை. உண்பது டப்பா மாட்டிறைச்சி, கல் போன்ற பிஸ்கட், ஜாம். தேநீரில் பெட்ரோல் வாடை வரும், தண்ணீர் வந்ததே பெட்ரோல் டின்களில்தான். நாயகன் வாரக்கணக்கில் ஒரு தோட்டாகூடச் சுடாமல் இருந்திருக்கலாம். அதனால் அவன் வீரம் குறைந்துவிடாது.

இரவில் காவல் இரட்டிப்பாகும், பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். ஒரு குழு பின்னால் போய் உணவு மூட்டைகளைச் சுமந்து வரும். இன்னொன்று முள்கம்பி வேலைக்கு வெளியே போகும். சத்தம் இல்லாதிருக்க, அடிப்பதற்குப் பதில் திருகி இறக்கும் இரும்பு முளைகள் வந்திருந்தன: வளையத்துக்குள் ஒரு கட்டையை நுழைத்துச் சுழற்றினால் போதும். சிலர் முன்னால் படுத்துக் காவல் காப்பார்கள். வெளியே ஆள் இருக்கிறது என்று பக்கத்துக் கம்பெனிக்கும் சொல்லி வைக்காவிட்டால் சொந்தத் தரப்பே சுடும். ஒளிக்குண்டு மேலே போனால் தொப்பென்று விழக் கூடாது, நின்ற நிலையில் உறைய வேண்டும். அசைவுதான் கண்ணில் படும்.

உடையிலும் கவனம் தேவை. 1916 ஜனவரியில் எஃகுத் தலைக்கவசம் எல்லோருக்கும் இல்லை. அகழியின் பொதுச் சாமானாக அடுத்து வரும் பட்டாலியனுக்குக் கைமாறியது. பெரும்பாலோர் தலையில் துணித்தொப்பிதான். விஷவாயுவுக்கு ரசாயனத்தில் தோய்த்த ஃபிளானல் முகமூடிப் பை. எச்சரிக்கை மணியாக வெற்றுப் பித்தளைக் குண்டு உறை தொங்கும்.

கடிதக் காட்சியைப் பிற்பகல் 2 மணிக்குக் கொண்டு வாருங்கள். எழுதியதை ஒட்டாமல் தர வேண்டும். அவனுடைய லெப்டினன்ட்டே படித்து, இடப்பெயர் இருந்தால் அடித்துவிடுவார். மனைவிக்கு அந்தரங்கமாக எழுத வேண்டுமானால் எப்போதாவது கிடைக்கும் பச்சை உறை. அதைப் பட்டாலியனில் பிரிக்க மாட்டார்கள். அதுவும் இல்லையென்றால் ‘நலமாக இருக்கிறேன்’ போன்ற அச்சடித்த வரிகள் கொண்ட அஞ்சலட்டை. வேண்டாத வரிகளை அடித்து, தேதியும் கையொப்பமும் மட்டும் இடலாம். கூடுதலாக ஒரு சொல் எழுதினாலும் அட்டை கிழிக்கப்படும்.