ஆர்சனல் டிஃபென்ஸ் மே மாதம் வரை தாங்குமா? கேள்வி பதில்

2025 நவம்பரில், தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நிற்கும் இன்டர்நேஷனல் பிரேக் நேரத்து நிலவரம் இது. இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக்கில் ஆர்சனல் 11 ஆட்டம் ஆடி 26 புள்ளியோடு முதலிடம். வாங்கிய கோல் வெறும் 5. அக்டோபர் 1 முதல் நவம்பர் 4 வரை எல்லாப் போட்டிகளும் சேர்த்து தொடர்ந்து 8 ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. 1903இல் அதே கிளப் வைத்த சாதனைக்குச் சமம். நவம்பர் 8 அன்று சண்டர்லாண்டில் 2-2 ஆகி அந்த ஓட்டம் நின்றது. அடுத்த வாரமே, 15ஆம் தேதி, செனகலுக்கு எதிரான பிரேசில் நட்பு ஆட்டத்தில் ஆர்சனலின் இடது சென்டர் பேக் (நடு டிஃபென்டர்) கேப்ரியலுக்குத் தொடையில் காயம். கேள்விகள் குவிந்ததற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: அண்ணா, சுற்றி வளைக்காம சொல்லுங்க. தாங்குமா, தாங்காதா?

இதே வேகத்தில் தாங்காது. ஆனால் லீகிலேயே குறைவாக கோல் வாங்கிய அணியாக முடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு விஷயம்.

11 ஆட்டத்துக்கு 5 கோல் என்றால் 38 ஆட்டத்துக்கு 17 வரும். பிரீமியர் லீக் வரலாற்றில் மிகக் குறைவு 2004-05 செல்சி வாங்கிய 15. அதற்கடுத்து 1998-99 ஆர்சனலின் 17. டிஃபென்டர் வான் டைக் 38 ஆட்டமும் ஆடிய 2018-19 லிவர்பூலே 22 வாங்கியது. 17இல் முடிக்க வேண்டுமென்றால் காயம், களைப்பு, சிவப்பு அட்டை எதுவுமே குறுக்கே வரக்கூடாது. என் கணிப்பு 24க்கும் 28க்கும் நடுவில். அதுவே மிக நல்ல சீசன். கடந்த இரண்டு சீசனிலும் லீகின் சிறந்த டிஃபென்ஸ் இதே ஆர்சனல்தான். வாங்கியது முறையே 29, 34.

கேள்வி: இதுவரை வந்தது அதிர்ஷ்டமா, திறமையா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வாங்கிய 5 கோலையும் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள்.

லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 83ஆவது நிமிடம், சோபோஸ்லாய் வெகு தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக். அதுபோன்ற உதை பத்துக்கு ஒன்றுகூட உள்ளே போகாது. மான்செஸ்டர் சிட்டியோடு 9ஆவது நிமிடம், பந்தைப் பறிகொடுத்ததும் ஹாலண்டும் ரெய்ண்டர்ஸும் பாதி மைதானம் ஓடி முடித்த கவுன்டர். நியூகாசிலில் ஷார்ட் கார்னருக்குப் பிறகு வந்த கிராஸ், வோல்டமாடே தலையால் முட்டினார். சண்டர்லாண்டில் இரண்டு: நீளமாக வந்த பந்தை முக்கியேலே தலையால் தட்ட, பல்லார்ட் அடித்தது ஒன்று; 94ஆவது நிமிடத்தில் பல்லார்ட் தலையால் தட்டிவிட்டதை ப்ராபி பாய்ந்து உதைத்தது இன்னொன்று.

பொறுமையாகப் பாஸ் போட்டு இந்த டிஃபென்ஸைப் பிரித்து உள்ளே வந்து அடித்த கோல் இதில் ஒன்றும் இல்லை. அதுதான் திறமைக்கான சான்று. ஆனால் கடைசி மூன்றும் பெனால்டி பாக்ஸுக்குள் காற்றில் வந்த பந்தில் தொடங்கியவை. எதிரணிப் பயிற்சியாளர்கள் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: 8 க்ளீன் ஷீட் (கோல் விடாத ஆட்டம்) என்பது புள்ளியியல் கணக்கில் எவ்வளவு அரிது?

ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 0.7 கோல் விடும் தரம் என்று வையுங்கள். பாய்சான் கணக்கில் (சராசரியை வைத்து வாய்ப்பைக் கணிக்கும் சூத்திரம்) ஒரு ஆட்டத்தில் கோல் விடாமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம். குறிப்பிட்ட 8 ஆட்டமும் அப்படியே முடிய சுமார் 270க்கு ஒரு வாய்ப்பு. தரம் 0.5 என்றால் ஒரு ஆட்டத்துக்கு 61 சதவீதம், 8 ஆட்டத்துக்கு 55க்கு ஒன்று. ஆக, எவ்வளவு நல்ல டிஃபென்ஸாக இருந்தாலும் இப்படியொரு ஓட்டத்தில் கொஞ்சம் கொடுப்பினையும் கலந்துதான் இருக்கும்.

ஓட்டம் நின்றவுடன் டிஃபென்ஸ் சரிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. 2008-09இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்கீப்பர் வான் டெர் சார் லீகில் 1,311 நிமிடம் கோல் விடவில்லை. மார்ச்சில் நியூகாசிலில் அது முடிந்தது. அந்த மாதமே சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 1-4, பிறகு ஃபுல்ஹாமிடம் 0-2. எல்லாரும் கதை முடிந்தது என்றார்கள். சீசன் முடிவில் 24 கோல்தான் வாங்கியிருந்தது, கோப்பையும் அவர்களுக்கே.

கேள்வி: ப்ரோ, கேப்ரியல் இல்லாம என்ன ஆகும்? அதை மட்டும் விளக்கமா சொல்லுங்க.

இந்த சீசனின் மையக் கேள்வியே இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முன்னுதாரணம் இரண்டு இருக்கிறது. 2022-23இல் முதல் 27 லீக் ஆட்டத்தில் ஆர்சனல் 25 கோல் வாங்கியது. மார்ச் 16 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனோடு ஆடும்போது இன்னொரு சென்டர் பேக் சாலிபாவுக்கு முதுகில் காயம். அதே ஆட்டத்தில் டிஃபென்டர் டோமியாசுவும் காயத்தால் போனார். மீதி 11 ஆட்டத்தில் 18 கோல். ஆட்டத்துக்கு 0.93 இருந்தது 1.64 ஆனது. லிவர்பூல் 2-2, வெஸ்ட் ஹாம் 2-2, சவுத்தாம்ப்டன் 3-3, சிட்டி 1-4 என்று நான்கே ஆட்டத்தில் கோப்பை கைநழுவியது.

2024-25இல் ஏப்ரல் 1 அன்று ஃபுல்ஹாமோடு ஆடும்போது கேப்ரியலுக்குத் தொடைப் பின்தசைக் காயம். அதுவரை 30 ஆட்டத்தில் 25. பிறகு 8 ஆட்டத்தில் 9. அதாவது 0.83இலிருந்து 1.13. அவருக்குப் பதிலாகக் கீவியோர் உள்ளே வந்து ரியல் மாட்ரிட்டோடு இரண்டு ஆட்டமும் நன்றாகவே ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் சரிவு ஏன் அவ்வளவு மோசம், இரண்டாவது ஏன் சமாளிக்கும்படி இருந்தது? மாற்றாக வந்தவரின் கால் வேகம்தான். 2023இல் சாலிபாவுக்குப் பதிலாக ஹோல்டிங் வந்தபோது பின்னால் இருக்கும் வெளியைக் காக்க மொத்த டிஃபென்ஸ் லைனும் சில மீட்டர் பின்வாங்கியது. லைன் பின்வாங்கினால் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே இடைவெளி. அந்த இடத்தில் எதிரணி ஆள் பந்தை வாங்கித் திரும்ப முடிகிறது. கோல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு ஆள் மாறியதற்குப் பத்துப் பேரும் இடம் மாற வேண்டியிருந்தது.

இந்த முறை மாற்று ஆட்கள் இரண்டு பேருமே வேகமானவர்கள். வலென்சியாவிலிருந்து வந்த மோஸ்கேரா ஆன்ஃபீல்டில் 5ஆவது நிமிடத்தில் சாலிபாவுக்குப் பதிலாக இறங்கி லைனை இறக்காமல் ஆடினார். லெவர்குசனிலிருந்து லோனில் வந்த இன்காபியே காயத்தால் சீசன் ஆரம்பத்தை இழந்தவர். ஆனால் இடதுகால் ஆட்டக்காரர். இடது சென்டர் பேக் இடத்துக்கு இடதுகால் முக்கியம். வலதுகால்காரரை அங்கே நிறுத்தினால் பந்தை வாங்கியதும் உடம்பு உள்பக்கம் திரும்பும். எதிரணி ஸ்ட்ரைக்கர் அந்தப் பக்கத்தை மறித்துக்கொண்டு வந்தால் கோல்கீப்பர் ரயாவுக்கே திருப்பித் தர வேண்டியதுதான். அதனால் என் தேர்வு சாலிபா வலது, இன்காபியே இடது. காற்றில் வரும் பந்தில் கேப்ரியல் அளவுக்கு இன்காபியே வெல்ல மாட்டார். அந்தக் குறை இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: மிட்ஃபீல்டர் ரைஸை சென்டர் பேக்குக்கு இறக்கினால் என்ன?

வேண்டவே வேண்டாம். 2020-21 லிவர்பூலைப் பாருங்கள். அக்டோபரில் வான் டைக், நவம்பரில் கோம்ஸ், ஜனவரி முடிவில் மட்டிப் என மூன்று சென்டர் பேக்கும் போனார்கள். மிட்ஃபீல்டர்கள் ஃபபின்யோ, ஹெண்டர்சன் இருவரையும் பின்னால் இழுத்தார்கள். ஓட்டை டிஃபென்ஸில் இருந்தது, அதை அடைக்கப் போய் மிட்ஃபீல்டும் போனது. ஆன்ஃபீல்டில் தொடர்ந்து 6 லீக் தோல்வி. ஃபபின்யோவை மிட்ஃபீல்டுக்குத் திருப்பிவிட்டு, அனுபவமில்லாத நாட் ஃபிலிப்ஸையும் ரிஸ் வில்லியம்ஸையும் பின்னால் நிறுத்திய பிறகுதான் மூன்றாம் இடத்துக்கு ஏறினார்கள். மிட்ஃபீல்டைக் குலைக்காதே என்பதுதான் அங்கே எல்லாரும் கற்ற பாடம்.

கேள்வி: எதிரணிக்கு ஷாட்டே கிடைக்காமல் செய்கிறார்களே, அது எப்படி? பின்னால் கூட்டமாக நின்று அடைப்பதாகவும் தெரியவில்லை.

பந்து ஆர்சனலிடம் இருக்கும்போதே தற்காப்பு தொடங்கிவிடுகிறது. தாக்கும்போது 5 பேர் மேலே, 5 பேர் பின்னால். பின்னால் இருக்கும் 5 பேரில் சென்டர் பேக் இருவர், உள்ளே நகர்ந்து வரும் ஒரு ஃபுல் பேக் (ஓர டிஃபென்டர்), மிட்ஃபீல்டர் சூபிமெண்டி, பக்கத்தில் ரைஸ். பந்து பறிபோனால் 5, 6 நொடிக்கு மேலே இருப்பவர்கள் மொய்க்கிறார்கள். கிடைக்கவில்லையா, உடனே 4-4-2 (டிஃபென்ஸில் 4, மிட்ஃபீல்டில் 4, முன்னால் 2). நம்பர் 10 ஆள் ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் நின்று எதிரணியை ஓரமாகத் தள்ளுகிறார்.

எங்கே கிழியும்? மேலே ஏறிய ஃபுல் பேக் திரும்புவதற்குள், அவர் விட்டுப்போன இடத்துக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவே ஓடினால் கிழியும். அல்லது சிட்டி செய்ததுபோல மொய்ப்பதற்கு முன்பே முதல் பாஸை நடு வழியாக வெளியே கொண்டுபோனால். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சூபிமெண்டியும் ரைஸும் தங்கள் இடத்தில் இருப்பது. கேப்ரியலைவிட நான் பயப்படுவது இவர்களில் ஒருவர் காயம்படுவதற்குத்தான்.

கேள்வி: சண்டர்லாண்ட் பாணியை எல்லாரும் காப்பியடிப்பார்களா?

கட்டாயம். நீளப் பந்து, லாங் த்ரோ, பாக்ஸுக்குள் உயரமான ஆட்கள். இந்த சீசனில் லாங் த்ரோ லீக் முழுக்கவே பெருகியிருக்கிறது. முதல் ஹெடரை வெல்வது பாதி வேலைதான், தட்டிவிடப்படும் இரண்டாவது பந்துதான் ஆபத்து. சண்டர்லாண்டின் இரண்டு கோலும் இரண்டாவது பந்தில் வந்தவை. பெனால்டி புள்ளிக்கும் பாக்ஸ் கோட்டுக்கும் நடுவே ஒரு மிட்ஃபீல்டரை நிறுத்தினால் பெரும்பகுதி அடைபடும்.

இன்னொன்று: கேப்ரியல் இல்லாததால் தாக்குதலிலும் இழப்பு. செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) பயிற்சியாளர் ஜோவர் வடிவமைக்கும் கார்னர்களில் முக்கிய இலக்கு அவர்தான். யுனைடெட், ஃபுல்ஹாம், பேலஸ் மூவரையும் 1-0 என்று வென்றது செட் பீஸ் கோலால். அந்த ஒரு கோல் வராமல் போனால் கடைசி 15 நிமிடம் டிஃபென்ஸைத் திறந்துவிட்டு ஏற வேண்டிவரும்.

கேள்வி: எஃப்பிஎல் ஃபேன்டசி விளையாட்டில் கேப்ரியலை வைத்துக்கொள்ளவா, விற்கவா?

விற்றுவிடுங்கள். சில வாரம் பெஞ்சில் முடக்க முடியாத விலை அது. க்ளீன் ஷீட்டுக்கு 4 புள்ளி, அதற்கு 60 நிமிடம் ஆட வேண்டும். புதிய விதிப்படி டாக்கிள், கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன் சேர்ந்து 10 ஆனால் கூடுதலாக 2. நிச்சயமாக ஆடுகிற டிஃபென்டர் டிம்பர் அல்லது ரயா போதும். மோஸ்கேரா, இன்காபியே இருவரில் யார் என்று முதல் ஆட்டத்தில் தெரியும்வரை இருவரையும் தொடாதீர்கள்.

கேள்வி: சார், டேட்டா தளங்கள் எல்லாம் பார்க்க நேரமில்லை. நாங்களே கவனிக்க எளிய வழி?

ஸ்கோரை விட்டுவிட்டு நான்கு எண்களை எழுதி வாருங்கள்: பாக்ஸுக்குள்ளிருந்து எதிரணி அடித்த ஷாட், பெரிய வாய்ப்பு, பாக்ஸுக்குள் எதிரணி பந்தைத் தொட்ட தடவை, செட் பீஸிலிருந்து வந்த ஷாட். எக்ஸ்ஜி (ஷாட்களின் தரப்படி எதிர்பார்க்கும் கோல் அளவு) கிடைத்தால் அதையும் குறியுங்கள், ஆனால் பெனால்டியைக் கழித்துவிட்டு. ஒரே பெனால்டிக்கு 0.78 அளவு ஏறிவிடும். ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள், கடைசி 6 ஆட்டத்தின் சராசரியைப் பாருங்கள். ஷாட் எண்ணிக்கை அப்படியே இருந்து கோல் மட்டும் ஏறினால் பயப்படத் தேவையில்லை. ஷாட் ஏறிக்கொண்டே போய் ரயா காப்பாற்றுவதால் மட்டும் கோல் விழாமல் இருந்தால், அப்போதுதான் பயப்பட வேண்டும். கோல்கீப்பரின் உச்ச ஃபார்ம் மாதக்கணக்கில் நிற்காது.

கேள்வி: டிஃபென்ஸை மட்டும் வைத்து கோப்பை வருமா?

1998-99இல் 17 கோல் மட்டுமே வாங்கிய ஆர்சனல் 78 புள்ளி. யுனைடெட் 37 கோல் வாங்கி 79 புள்ளியோடு கோப்பையைத் தூக்கியது. அடித்த கோல் ஆர்சனல் 59, யுனைடெட் 80.

கேள்வி: எந்த ஆட்டத்தில் விடை தெரியும்?

நவம்பர் 23 டாட்டன்ஹாம், 26 பயர்ன் மியூனிக், 30 செல்சி. எட்டு நாளில் மூன்றும், கேப்ரியல் இல்லாமல். சாம்பியன்ஸ் லீக்கில் 4 ஆட்டத்தில் இதுவரை ஒரு கோலும் விடவில்லை, ஆனால் பயர்ன் வேறு தரம். டாட்டன்ஹாமோடு முதல் 20 நிமிடம் பந்தைப் பார்க்காமல் சாலிபா நிற்கும் இடத்தைப் பாருங்கள். பந்து எதிரணிப் பாதியில் இருக்கும்போது அவர் நடுவட்டக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் புதிய ஜோடியை நம்புகிறார்கள் என்று அர்த்தம். பத்து மீட்டர் உள்ளே நின்றால் 2023 வசந்தத்தில் நடந்ததுபோல இடைவெளி திறக்க ஆரம்பிக்கும். செல்சி அதைப் பயன்படுத்தாமல் விடாது.