எல்லாத்தையும் திறந்து விட்டாச்சே, இன்னும் எதுக்கு கோட்டா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, ஒரு காலத்துல கறுப்பரா இருந்தா வேலை இல்ல, பொம்பளையா இருந்தா படிப்பு இல்லன்னு இருந்துச்சு, ஒத்துக்குறேன். இப்ப அமெரிக்காவுல ஒபாமா ரெண்டு தடவை ஜனாதிபதியா இருந்துட்டு போயிட்டார், நம்ம நீலகிரிக்கே லேடி கலெக்டர்கள் வந்து போயிட்டாங்க. எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்து விட்டாச்சு. இனிமே திறமையை மட்டும் பாத்தா என்ன? என் பையன் நல்ல மார்க் வாங்கியும் கேட்ட காலேஜ் கிடைக்கல.
– பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர், கோத்தகிரி

பதில்: பையன் விஷயத்துக்கு கடைசில வர்றேன் சார். முதல்ல அந்த "திறந்து விட்டாச்சு" கணக்கைப் பாத்துடலாம்.

1833-லயே திறந்து விட்டுட்டாங்க, தெரியுமா? வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் துரை ஊட்டில ஏரி வெட்டி ஒரு பத்து வருஷம் ஆகியிருக்கும், அப்ப லண்டன் பார்லிமென்ட் போட்ட சாசனச் சட்டத்துல 87-வது பிரிவு, மதம், பிறந்த ஊர், வம்சம், நிறம் இதையெல்லாம் காரணம் காட்டி எந்த இந்தியனுக்கும் பதவி இல்லன்னு சொல்லக் கூடாதுங்குது. 1855-லருந்து சிவில் சர்வீஸுக்கு போட்டிப் பரீட்சை வேற வந்துடுச்சு, சிபாரிசு இல்ல, மார்க்தான், நீங்க கேக்குற அதே திறமை. ஆனா பரீட்சை நடக்குறது லண்டன்ல. கப்பல் ஏறிப் போகணும், அங்க தங்கிப் படிக்கணும், லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் மார்க்கை அள்ளி வெச்சிருக்கான். 1863-லதான் முதல் இந்தியர் பாஸ் பண்றார், சத்யேந்திரநாத் தாகூர். நம்மாளுங்க கொஞ்சம் கொஞ்சமா பாஸ் பண்ண ஆரம்பிச்சதும் 1870-கள்ல வயசு வரம்பை 21-லருந்து 19-க்கு இறக்கிட்டாங்க. இந்தியாவுலயே உக்காந்து பரீட்சை எழுதலாம்னு ஆனது 1922-ல! சட்டம் வந்து 89 வருஷம் கழிச்சு. இந்த 89 வருஷத்துல யாராவது துரைகிட்ட போய்க் கேட்டிருந்தா அவரும் உங்க மாதிரிதான் சொல்லியிருப்பார், எல்லாருக்கும் திறந்துதானே இருக்கு, எழுதி பாஸ் பண்ண வேண்டியதுதானேன்னு.

அமெரிக்கா கதையும் இதேதான், அங்க இன்னும் பச்சையா பண்ணினாங்க. 1964-ல சிவில் உரிமைச் சட்டம் வருது, இனம், நிறம், மதம், ஆண் பெண் பாத்து வேலை மறுக்கக் கூடாதுன்னு. வேலை சம்பந்தப்பட்ட பகுதி அமலுக்கு வந்தது 1965 ஜூலை 2. வட கரோலினாவுல டியூக் பவர்னு ஒரு மின்சாரக் கம்பெனி, அங்க ஒரு மின் நிலையத்துல கறுப்பர்களுக்கு கூலிப் பிரிவுல மட்டும்தான் இடம், அந்தப் பிரிவுல அதிகமா வாங்குறவன் சம்பளமே மத்த பிரிவுல கம்மியா வாங்குறவனை விட கம்மி. சட்டம் வந்த அதே தேதியில கம்பெனி புதுசா ஒரு விதி போடுது, மேல் பிரிவுக்கு புதுசா வர்றவன் ரெண்டு டெஸ்ட்ல பாஸ் பண்ணணும். ஹைஸ்கூல் சர்டிபிகேட்னு ஒண்ணு முன்னாடியே இருந்துச்சு. இதுல எங்கயும் கறுப்பன்ங்குற வார்த்தையே கிடையாது, பாத்தா சுத்தமான திறமை விதி. ஆனா அந்த சர்டிபிகேட் இல்லாம, டெஸ்டும் எழுதாம முன்னாடியே உள்ள இருந்த வெள்ளைக்காரங்க நல்லாவே வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க! அப்புறம் எதுக்கு சார் டெஸ்ட்? 1971-ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒருமனதா அதைத்தான் கேட்டுச்சு, வேலைக்கு சம்பந்தமில்லாத தகுதியை வெச்சு ஆளை வெளிய நிறுத்தினா அதுவும் பாகுபாடுதான்னு தீர்ப்பு. 2023-ல அதே கோர்ட் காலேஜ் அட்மிஷன்ல இனத்தைப் பாக்கக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு, நீங்க சந்தோஷப்பட்டிருப்பீங்க. ஆனா அப்பா அதே காலேஜ்ல படிச்சவர்னு பிள்ளைக்கு சலுகை குடுக்குற பழக்கத்தை அந்தத் தீர்ப்பு தொடல.

லேடி கலெக்டர்னீங்கல்ல. அரசு வேலையில ஆண் பெண் பேதம் கூடாதுன்னு அரசியல் சட்டம் 16-வது பிரிவுல எழுதியாச்சு, 1950-லயே. 1951-ல அன்னா ராஜம் ஐ.ஏ.எஸ்-ல சேர்றாங்க, நாட்டுலயே முதல் பெண், அதுவும் நம்ம மெட்ராஸ் கேடர். கையில குடுத்த ஆர்டர்லயே கல்யாணம் ஆனா வேலை போயிடும்னு போட்டிருக்கு. ராஜாஜிக்கு ஒரு பொண்ணை சப் கலெக்டரா அனுப்ப மனசில்ல, செக்ரடேரியட்ல உக்காரட்டும்னு பாத்தார், இவங்க விடாம வாதாடித்தான் ஓசூர் சப் கலெக்டரா போனாங்க. வெளியுறவுத் துறையில முத்தம்மான்னு ஒரு அதிகாரி, கல்யாணம் பண்ணணும்னா சர்க்கார்கிட்ட எழுதி அனுமதி வாங்கணும்ங்குற விதியை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 1979-ல நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கிழிகிழின்னு கிழிச்சார். ஆம்பளை அதிகாரி யாராவது அப்படி ஒரு லெட்டர் எழுதியிருப்பாரா?

குன்னூர் பக்கம் போனா வெலிங்டன்ல ஸ்டாஃப் காலேஜ் போர்டைப் பாத்திருப்பீங்க. ராணுவத்துல மேல போகணும்னா அங்க படிக்கிறது பெரிய விஷயம். டாக்டர், நர்ஸ் தவிர்த்து மத்த பிரிவுகள்ல பெண் அதிகாரிகளை 1992-லருந்து எடுக்குறாங்க, ஆனா ரொம்ப நாளைக்கு பெரும்பாலும் சில வருஷ சர்வீஸோட சரின்னுதான் இருந்துச்சு. 2020-ல இதைப் பத்தி சுப்ரீம் கோர்ட்ல வழக்கு நடக்கும்போது அரசாங்கம் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, சிப்பாய்ங்க பெரும்பாலும் கிராமத்துலருந்து வர்றவங்க, பொம்பளை ஆர்டர் போட்டா ஏத்துக்குற மனசு இன்னும் வரலன்னு. எதிர்ல இருக்குறவனுக்கு மனசு வரல, அதனால இவளுக்கு தகுதி இல்ல, என்ன நியாயம் பாருங்க. கோர்ட் அதை ஒத்துக்கல. அதுக்கப்புறம் 2022-லதான் ராணுவப் பெண் அதிகாரிங்க அந்த ஸ்டாஃப் காலேஜ் நுழைவுப் பரீட்சையில முதல் தடவையா தேறினாங்க. 2019 வரைக்கும் அவங்களுக்கு திறமை இல்லாம இருந்து 2022-ல திடீர்னு முளைச்சுதா?

இன்னொண்ணும் சொல்றேன், ஒரு தடவை முன்னேறிட்டா அப்படியே போயிக்கிட்டே இருக்கும்னு நெனைக்காதீங்க. படுகர் சமுதாயத்துல முதல் பட்டதாரிப் பெண் அக்கம்மா தேவி, 1962-ல நம்ம நீலகிரிக்கு எம்.பி. ஆனாங்க. அதுக்கு அப்புறம் நடந்த எலெக்‌ஷன் எல்லாத்தையும் எண்ணிப் பாருங்க, 2024 வரைக்கும் இந்தத் தொகுதியில இன்னொரு பெண் எம்.பி. கிடையாது.

கலெக்டர், எம்.பி.யெல்லாம் விடுங்க, உங்க ஊர்லயே ஒரு சாயங்காலம் தேயிலைக் கொழுந்து எடை போடுற இடத்துல போய் நில்லுங்க. இடுப்புல பிளாஸ்டிக் ஷீட்டு, தலையில சாக்கு, மேட்டுல ஏறி வந்து வரிசையில நிக்கிறது எல்லாம் பொம்பளைங்க. தராசு பக்கத்துல நோட்டோட நிக்கிறது ஆம்பளை, மழை நாள்ல ஈரத்துக்குன்னு எத்தனை கிலோ கழிக்கிறதுன்னு முடிவு பண்றதும் அவர்தான். கையால பறிக்கிற வரைக்கும் பொம்பளை வேலை, மெஷின் வந்தா அதைத் தூக்குறதுக்கு ஆம்பளை. கேரட் தோட்டத்துல கேட்டா இன்னும் நேரடியாவே சொல்வாங்க, ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலி, ஏன்னா அவன் மூட்டை தூக்குறானாம். மூட்டை தூக்குறதுக்குத்தான் அதிகக் கூலின்னா கொழுந்து மூட்டையைத் தலையில வெச்சு சரிவுல ஏர்ற பொம்பளைக்கு என்ன கூலி குடுக்கணும்? சம வேலைக்கு சம கூலின்னு சட்டம் வந்தது 1976-ல.

அந்த வரிசையில நிக்கிறவங்கள்ல பாதிப் பேர்கிட்ட விசாரிச்சா தாத்தா பாட்டி கண்டி, நுவரெலியான்னு சொல்வாங்க. 1948-ல இலங்கை சுதந்திரமானதும் போட்ட குடியுரிமைச் சட்டத்துல, அங்க பல தலைமுறையா தேயிலை பறிச்ச நம்ம ஜனங்களுக்கு நாடே இல்லாம போச்சு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு ரெண்டு நாட்டுப் பிரதமருங்களும் பங்கு பிரிச்சாங்க, அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வந்தவங்களுக்குன்னு இங்க டான்டீன்னு அரசாங்கத் தேயிலை எஸ்டேட் ஆரம்பிச்சாங்க, நல்லதுதான், ஆனா என்ன வேலை? அதே கொழுந்து. அந்தப் பாட்டியோட பேத்தி எஸ்டேட் லைன் வீட்டுலருந்து படிச்சு வந்து உங்க பையனோட ஒரே பரீட்சை ஹால்ல உக்காருது. பந்தலூர்ல பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளை, ஆனை நிக்கிற ரோட்டுல ஸ்கூலுக்கு நடந்து போயிட்டு வந்து அதே பேப்பர் எழுதுது. இவங்க மூணு பேர் மார்க்கையும் ஒரே ஸ்கேல்ல வெச்சு அளந்துட்டு இதுதான் திறமைன்னு சொன்னா, லண்டன் பரீட்சையும் திறமைதான் சார்.

மாறவே இல்லன்னு நான் சொல்லல. நிறையவே மாறியிருக்கு. 1989-லருந்து தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சம பங்கு, அரசு வேலையில பெண்களுக்குன்னு தனி ஒதுக்கீடு, 2020-ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீதம். இதுல எதுவும் தானா கனிஞ்சு விழல, ஒவ்வொண்ணுக்கும் அப்ப ஒருத்தர் "இன்னும் எதுக்கு இது?"ன்னு கேட்டிருக்கார். நீங்க பத்தோட பதினொண்ணு, கோவிச்சுக்காதீங்க.

இப்ப பையன் விஷயம். அவன் கேட்ட காலேஜ் தனியார் காலேஜா இருந்தா ஒண்ணு விசாரிங்க, மேனேஜ்மென்ட் கோட்டாவுல எத்தனை சீட்டு, அதுல சேர்ந்தவங்க மார்க் எவ்வளவு, பணம் எவ்வளவுன்னு. உங்க பையனை விட கம்மி மார்க்ல அந்த வழியா எத்தனை பேர் உள்ள போனாங்கன்னு தெரிஞ்சதும் "இந்தக் கோட்டாவை எப்ப எடுப்பீங்க?"ன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல முதல் கேள்வியா போடுறேன்.