கர்ப்பப்பையை லெப்ரொஸ்கோபியில் எடுத்தால் அம்மா எத்தனை நாளில் திரும்பக் கொழுந்தெடுக்கப் போகலாம்?

பைப்ரொய்ட் கட்டிக்காக (கர்ப்பப்பையில் வளரும், புற்றுநோயல்லாத கட்டி) எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் எதுவும் இல்லையென்றால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொழுந்துக் கூடைக்கு மட்டும் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். டொக்டர் அதற்கு மேலும் சொன்னால் அதையே கேளுங்கள்.

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் இருக்கும் என் சின்னம்மாவுக்கும் இதே ஒபரேஷன்தான். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், ஒவ்வொன்றும் அரை, ஒரு சென்டிமீட்டர். பார்க்க வந்த லயத்துச் சனமெல்லாம், "இவ்வளவுதானா? அடுத்த கிழமையே பேர் போட்டுடலாமே" என்றார்கள். வெளியே தெரிவது அவ்வளவுதான். உள்ளே, கர்ப்பப்பையை எடுத்த இடத்தில் யோனியின் மேல்முனையைத் தைத்து மூடியிருப்பார்கள். வயிற்றைக் கிழித்துச் செய்தாலும் துளை வழியாகச் செய்தாலும் அந்தத் தையல் உண்டு, அது ஆறவும் வாரக்கணக்கில் ஆகும். தலையில் கயிறு மாட்டி, மழையில் நனைந்த கொழுந்தோடு சரிவில் ஏறினால் அடிவயிற்று அழுத்தம் அங்கேதான் விழும். எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் கங்காணி நம்பமாட்டார்.

ஒபரேஷன் முடிந்ததும் தோள் வலித்தால் பயப்பட வேண்டாம். உள்ளே பார்ப்பதற்காக வயிற்றை காபனீரொட்சைட்டு வாயுவால் உப்ப வைப்பார்கள். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டை உறுத்துவதால் வலி தோளில் தெரியும், ஓரிரு நாளில் போய்விடும். "வயித்துல வெட்டிட்டு தோளு ஏன் வலிக்குது?" என்று சின்னம்மா நர்ஸிடம் சண்டைக்கே போனார்! ஆனால் வயிற்றுவலி நாளுக்கு நாள் குறையத்தான் வேண்டும். கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் அதிகம் போனாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

இப்போதே கவனிக்க வேண்டியது இரத்தம். மாதக்கணக்கில் அதிகமாகப் போயிருந்தால் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும், அதை ஏற்றிவிட்டுத்தான் பொதுவாக ஒபரேஷனுக்கு எடுப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையை பிளேன்டீயோடு விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது. நம் ஊரில் பிளேன்டீ இல்லாமல் எது இறங்குகிறது, அதுதான் கஷ்டம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் தேத்தண்ணியை நிறுத்தி, தேசிக்காய்த் தண்ணியோடு கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், கட்டி பெரிதாக இருந்தாலோ, பழைய சிசேரியனால் உள்ளே ஒட்டியிருந்தாலோ, துளையில் தொடங்கியதை இடையில் வயிற்றைத் திறந்து முடிக்க நேரலாம். கையெழுத்து வாங்கும்போது அதையும் சேர்த்தே கேட்பார்கள். கருமுட்டை உருவாகும் சூலகங்களை விட்டுவைப்பார்களா என்று அந்த நேரத்திலேயே நீங்களும் கேளுங்கள். எடுத்துவிட்டால், மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்ணுக்கு உடல் தகிப்பு, வியர்வை எல்லாம் திடீரென்று தொடங்கிவிடும்.