தாது வருஷப் பஞ்சத்தை இணையத்தில் தேடுவது எப்படி? கேள்வி பதில்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தங்கள் ஊர் அளவில் ஆராய்கிறவர்கள் கேட்டவை இவை. தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

முதுகலை மாணவி, சேலம்: அக்கா, 'தாது வருஷப் பஞ்சம்' என்று போட்டால் ஒரே பத்திதான் எல்லாத் தளத்திலும் வருகிறது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்தப் பத்தியை எழுதியவர்கள் எல்லாரும் இன்றைக்கு எழுதுகிறவர்கள், தங்கச்சி. 1877இல் இதை எழுதி வைத்தவர் யார், அவர் என்ன சொல் போட்டிருப்பார் என்று முதலில் யோசித்துப் பார். கலெக்டர் என்றால் ஆங்கிலத்தில், அதுவும் அந்தக் காலத்து ஊர்ப்பெயரில் எழுதியிருப்பார்: தஞ்சாவூருக்கு டாஞ்சூர், தூத்துக்குடிக்கு டூட்டிகொரின், திருச்சிக்கு டிரிச்சினோபொலி. உன் ஊருக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று மாவட்ட மேனுவலில், அதாவது ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவர நூலில் பார்த்துவிடு. சேலத்துக்கு 1883இல் வந்த மேனுவல் இணையத்திலேயே கிடைக்கும். அந்தப் பெயரோடு 'ஃபேமின் ரிலீஃப்' (பஞ்ச நிவாரணம்) என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடு.

நாட்டுப்புறப் பாடல்தான் வேண்டும் என்றால் கும்மி, சிந்து, கஞ்சித்தொட்டி, கருப்பு என்று போக வேண்டும். பஞ்சத்தைக் கருப்பு என்று சொல்வதும் உண்டு. ஆண்டைப் பார்த்துக்கொள்: தாது 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1936உம் தாது, 1996உம் தாது.

பள்ளி ஆசிரியர், மதுரை: மேற்கோள் குறிக்குள் போட்டால் சரியாக வரும் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே வருவதில்லையே, மேடம்?

சார், மேற்கோள் குறி போட்டால் எழுத்து மாறாமல் அப்படியே தேடும். ஆங்கிலத்துக்கு அது நல்ல உத்தி. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. 'கிணறு' என்று தேடினால் 'கிணற்றில்', 'கிணற்றை' இரண்டும் தப்பிவிடும். 'பஞ்சம்' என்றால் 'பஞ்சத்தில்', 'பஞ்சத்தால்' வராது. அதனால் இரண்டு மூன்று வடிவங்களைத் தனித்தனி மேற்கோளில் போட்டு, நடுவே 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள். 'வருஷம்', 'வருடம்', 'வருசம்' மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் 'சைட்', முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் தள முகவரி. வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி. தொடக்கத்துக்கு இவை போதும்.

நூலகர், கோவை: இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத்தில் தமிழ் நூல் தேடினால் பாதி காணவில்லை.

பெரும்பாலும் இருக்கும். ஏற்றியவர் தலைப்பை ஆங்கில எழுத்தில், தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். 'பஞ்சம்' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். ஆங்கில நூல்களுக்கு, தேடல் பெட்டியில் நூலின் உள்ளடக்கத்தில் தேடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். வில்லியம் டிக்பி 1878இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய இரண்டு தொகுதிகளில் உங்கள் ஊர்ப்பெயர் வரும் பக்கங்களை அப்படித்தான் பிடிக்க வேண்டும். பழைய தமிழ் அச்சுக்கு எழுத்துணரி (பக்கப் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அவ்வளவாகக் கைகொடுக்காது. அங்கே பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வழியில்லை.

சுயேச்சை ஆய்வாளர், திருநெல்வேலி: அக்காலப் பத்திரிகைகளைக் காசு கட்டாமல் படிக்க முடியுமா?

முடியும். ஆனால் கடல் கடந்து போக வேண்டும்! ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் என்று பழைய பத்திரிகைகளுக்கான தளங்கள் உண்டு, இரண்டுமே இலவசம். சென்னைப் பஞ்சத்துக்காக 1877இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் நிதி திரட்டினார்கள். அதனால் அங்கத்திய பத்திரிகைகள் இங்கத்திய செய்திகளை விரிவாகப் போட்டன. கப்பலில் வந்த செய்தி வாரக்கணக்கில் பிந்தியிருக்கும், தேதி எழுதும்போது அதைக் கவனியுங்கள். நம் ஊர்க்காரர்கள் இந்த இரண்டு தளங்களையும் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மாணவர், சென்னை: எலும்பும் தோலுமாக மக்கள் உட்கார்ந்திருக்கும் படம், வங்கப் பஞ்சம் 1943 என்று வருகிறது. நம்பலாமா, அக்கா?

நம்பாதே, தம்பி. நீ சொல்வது வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் இந்தப் பஞ்சத்தின்போது எடுத்த படங்களில் ஒன்றாக இருக்கலாம். அவை ஓயாமல் வங்கத்தின் பெயரில் சுற்றுகின்றன. படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸில் அதைப் போடு. ஆனால் எந்த விளக்கம் அதிகம் வருகிறது என்று எண்ணாதே. ஏதாவது அருங்காட்சியகமோ நூலகமோ தன் சேகரிப்புக் குறிப்போடு வைத்திருக்கிறதா என்று பார். செத்துக்கொண்டிருந்தவர்களின் படம் அது. எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையாவது நாம் சரியாக எழுத வேண்டும்.

அதே மாணவர்: இறந்தவர் எண்ணிக்கையும் தளத்துக்குத் தளம் மாறுகிறதே?

55 லட்சத்திலிருந்து 1 கோடிக்கு மேல் வரை பார்த்திருப்பாய். முதலில் அது எந்த நிலப்பரப்புக்கான கணக்கு என்று பார்: சென்னை மாகாணம் மட்டுமா, மைசூர், பம்பாய், ஐதராபாத்தும் சேர்த்தா? பிறகு அடிக்குறிப்பைப் பிடித்து மூலத்துக்குப் போ. அடிக்குறிப்பே இல்லாத எண்ணை எடுக்காதே. உன் மாவட்டத்துக்கு 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிடு. வயதுவாரி அட்டவணையில் சிறு குழந்தைகளின் வரிசையைக் கட்டாயம் பார், பஞ்சத்தின் அடி அங்கே தெரியும்.

இல்லத்தரசி, ஈரோடு: ஏஐயிடமே கேட்டுவிட்டால் என்ன?

தேடுசொற்களைத் திரட்ட, பழைய ஆங்கிலப் பத்தியின் பொருள் அறிய, தாராளமாகக் கேளுங்கள் அம்மா. நூற்பெயர் கொடுத்தால் மட்டும் நூலகப் பட்டியலில் பார்க்காமல் எடுக்காதீர்கள். இல்லாத நூலுக்கும் ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துச் சொல்லிவிடும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, இந்த மூன்றிலும் தேடுங்கள்.