கேள்வி–பதில்: வாலன் திட்டமும் உருளைக்கிழங்கும்

கே: இரண்டாம் உலகப் போரில் பூங்காக்களில் உருளைக்கிழங்கு நட்டுத்தான் சுவிட்சர்லாந்து பிழைத்ததாமே? (வாசகர், திண்டுக்கல்)

ப: பூங்காவையும் கால்பந்துத் திடலையும் உழுதது உண்மை. ஆனால் விளைச்சலில் பெரும்பங்கு மேய்ச்சல் புல்வெளிகளை உழுததில்தான் கிடைத்தது. போர்க்கால உணவைச் சொந்த நிலத்திலேயே விளைவிக்கும் அந்த முயற்சிதான் வாலன் திட்டம். அதற்குப் பின்னால் இருந்தவர் வேளாண் விஞ்ஞானி ஃபிரீட்ரிஷ் வாலன். 1899இல் சுவிட்சர்லாந்தின் எம்மென்டால் பகுதியில் பிறந்தவர். கனடாவில் விதைப் பரிசோதனைப் பணியிலிருந்து திரும்பி, சூரிச்–ஓர்லிக்கான் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். எங்கே எவ்வளவு நிலம், அதில் என்ன விளையும் என்று நாடு முழுக்கக் கணக்கெடுக்க வைத்தார். திட்டத்தின் உயிரே அந்தக் கணக்குதான். மாட்டுக்குப் புல் வளர்த்துப் பாலும் இறைச்சியும் எடுப்பதைவிட, அதே நிலத்தில் கிழங்கும் கோதுமையும் போட்டால் பல மடங்கு பேர் பசியாறலாம்.

1940 நவம்பர் 15 அன்று அவர் அறிவித்த இலக்கு 5 லட்சம் ஹெக்டேர் உழவு நிலம். சுமார் 1.83 லட்சமாக இருந்த உழவுப் பரப்பு, போர் முடிவதற்குள் ஏறக்குறைய 3.5 லட்சமானது. ஆட்களும் குதிரைகளும் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள், உரமும் போதவில்லை. இலக்கை எட்ட முடியாததில் வியப்பில்லை. ஆனால் 1942இல் ரொட்டிக்கே ரேஷன் வந்தபோதும் உருளைக்கிழங்குக்கு வரவில்லை. திட்டத்தின் மெய்யான வெற்றி அதுதான்.

கே: போருக்குப் பின் வாலன் என்ன ஆனார்? (வாசகி, கோவை)

ப: 1949 முதல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பில் பணி. 1959இல் சுவிஸ் கூட்டாட்சி அமைச்சர். 1961இல் அந்நாட்டு அதிபர்.

கே: அந்தத் திட்டத்தில் சாரணர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வயலில் என்ன செய்தார்கள்? (ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: அறுவடைக்குக் கைகொடுத்தார்கள், கிழங்கு பொறுக்கினார்கள். அதைவிட முக்கியம், உருளைச் செடியின் இலையைத் தின்று அழிக்கும் கொலராடோ வண்டைத் தேடியது. மஞ்சள் முதுகில் பத்துக் கறுப்புக் கோடுகள் இருக்கும், வண்டு எளிதில் கண்ணில் படும். முட்டை அப்படியல்ல. இலையைத் திருப்பினால்தான் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகத் தெரியும். வண்டை மட்டும் பொறுக்கி முட்டையை விட்டுவிட்டால், சில நாளில் பொரிக்கும் புழுக்கள் செடியை மொட்டையடித்துவிடும். பெரியவர்கள் வரப்பிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிற இடத்தில், சாலுக்குச் சால் குனிந்து இலை திருப்பப் பிள்ளைகள்தான் சரி.

கே: புல்வெளியை உழுதவுடன் உருளை நட்டால் கெடாதா? (விவசாயி, ஊட்டி)

ப: கெடுவது கம்பிப்புழுவால். புல் வேரில் பல ஆண்டு வாழும் புழு இது. உழுத முதல் ஆண்டு மக்கும் புல்லையே தின்று கிடக்கும்; அது தீர்ந்ததும் கிழங்கைத் துளைக்கும். அதனால் இரண்டாம் ஆண்டில்தான் சேதம் கூடுதல். நடுவதற்கு முன், வெட்டிய கிழங்குத் துண்டுகளை வயலில் பல இடங்களில் விரல் ஆழத்துக்குப் புதைத்து, ஒரு வாரம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். துண்டுக்குத் துண்டு துளை இருந்தால், அந்த வயலில் அந்த ஆண்டு உருளை வேண்டாம்.