நாத்திகமும் ஒரு மதம்தானா?

“நாத்திகமும் ஒரு மதம்தானே? கடவுள் இல்லை என்று சொல்வதும் ஒரு நம்பிக்கைதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு என் பதில், இல்லை. இரண்டாவதற்கு, ஆமாம். நான் கடவுள் மறுப்பாளன்தான். ஆனால் என்னைப் போன்றவர்களில் பலர் இரண்டாவதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “எங்களுக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது, நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் மதம். நாத்திகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், “கடவுளே இல்லாதது எப்படி மதமாகும்?” என்பது. இந்த வாதம் நிற்காது. சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது, பௌத்தத்திலும் கிடையாது. 1954-இல் நம் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பியின் சிரூர் மடாதிபதி தொடர்ந்த வழக்கு அது. மதம் என்றால் கடவுள் நம்பிக்கை இருந்தே தீரவேண்டும் என்பதில்லை, பௌத்தமும் சமணமும் அதற்கு எடுத்துக்காட்டு என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே கடவுள் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து நாத்திகம் மதமில்லை என்று வாதாட முடியாது.

வேறு காரணம் இருக்கிறது. ஒருவர் சமணர் என்று தெரிந்தால் அவரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடுகிறது. 24 தீர்த்தங்கரர்கள், கொல்லாமை, வினை, மறுபிறப்பு, வீடுபேறு, துறவிகள், பொழுது சாய்ந்தபின் உண்ணாமை என்று வாழ்வு முழுவதற்குமான ஒரு ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஒருவர் நாத்திகர் என்றால் ஒரே ஒரு சங்கதிதான் தெரியும். அவர் எந்தக் கட்சி, சாதி பார்ப்பாரா, பெண்களை எப்படி நடத்துவார், எதையும் அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பெரியார் நாத்திகர். லாகூர் சிறையில் இருந்தபடி 1930-இல் தன் நாத்திகத்துக்கு விளக்கம் எழுதிய பகத் சிங்கும் நாத்திகர். இந்துத்துவத்துக்கு வடிவம் கொடுத்த சாவர்க்கரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்றே அறியப்பட்டவர். இந்த மூவரையும் ஒரே மதத்தவர் என்று யாராவது சொல்வோமா? அவர்கள் சேர்ந்து நிற்கும் இடம் ஒரு காலடி அகலம்கூட இல்லை.

“சரி, ஆனால் உங்கள் ஆட்கள் நடந்துகொள்வது மதம் மாதிரிதானே இருக்கிறது?” என்று அடுத்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலேயே அது வந்தது.

என் பெரியப்பா கருஞ்சட்டைக்காரர். இறந்தால் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார், அப்படியே செய்தோம். அன்று தலைமாட்டில் விளக்காவது வைக்கலாமே என்று அத்தை கேட்டபோது பெரியம்மா, “அவருக்குப் பிடிக்காது, விடுங்க” என்று சொல்லிவிட்டார். சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் படத்திறப்பு. துணியை விலக்கிப் படத்தைத் திறந்தார்கள், மாலை போட்டார்கள், வீரவணக்கம் என்று முழங்கினார்கள். பழைய தோழர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். குடும்பத்தின் சார்பில் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்துக்கு நன்கொடை அறிவித்தோம், அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்த மாமா என்னிடம், “என்ன மாப்ளே, பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஐயர் இல்ல, அவ்வளவுதானே?” என்றார்.

வித்தியாசம் இருக்கிறது என்றுதான் அவரிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். காரியத்தில் வைக்கும் பிண்டம் போனவருக்குப் போய்ச் சேருகிறது, வைக்காவிட்டால் அவருக்குக் குறை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாள் தவறக்கூடாது, செய்பவர் மாறக்கூடாது. படத்திறப்பால் பெரியப்பாவுக்கு ஏதாவது கிடைக்கும் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்தது எல்லாருக்கும் விடுமுறை என்பதால். அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருந்தாலும் யாருக்கும் மனம் உறுத்தியிருக்காது. கூடி அழுவதும், நினைப்பதும், சேர்ந்து சாப்பிடுவதும் மதங்களின் தனிச்சொத்து கிடையாது. மனிதர்களுக்கு அது தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

அதே சமயம் மாமாவின் பக்கத்தையும் சொல்லவேண்டும். நாத்திகத்தின் மேல் ஓர் இயக்கத்தைக் கட்டும்போது அது மதத்தின் சாயலை எடுக்கத்தான் செய்கிறது, சில சமயம் சாயலோடு நிற்பதும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 நவம்பரில், பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்தைப் பகுத்தறிவின் கோயிலாக மாற்றி விழா எடுத்தார்கள். ஒகுஸ்த் கோந்த் என்ற தத்துவவாதி கடவுளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதகுலத்தை வைத்து, 13 மாத நாட்காட்டி சகிதம் ஒரு முழு மதத்தையே உருவாக்கினார். சோவியத் ஒன்றியத்தில் கடவுள் மறுப்பைப் பரப்ப அரசு ஆதரவோடு பெரிய சங்கமே இருந்தது. அல்பேனியா 1967-இல் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் இழுத்து மூடியது. கும்பிட்டதற்காக ஒருவரைச் சிறையில் போடும் நாத்திகம், மதவெறி செய்வதைத்தான் செய்கிறது. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன். நம் ஊரிலும், பெரியார் சொன்ன எதையும் கேள்வி கேட்கக்கூடாது என்று சண்டைக்கு வரும் சிலரை எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவைக் கொண்டு யோசித்துப் பார் என்று மேடை தவறாமல் சொன்னவருக்கு அவர்கள் செய்வது மரியாதை ஆகாது.

இனி இரண்டாவது கேள்வி. கடவுள் இல்லை என்பது நம்பிக்கையா?

இதற்கு மணிமேகலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி என்று போகிற அந்த வரிசையில் கடைசியாக வருபவன் பூதவாதி. ஆத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் போதை பிறப்பது போல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடுவதால் உணர்வு பிறக்கிறது என்கிறான். மறுபிறவி பொய், கண்ணால் காண்பதே உண்மை, அனுமானம் செல்லாது என்கிறான். அத்தனை காலத்துக்கு முன்பே தமிழில் இப்படி ஒரு குரல் பதிவாகியிருப்பது எனக்குப் பெருமையான விஷயம். மணிமேகலை சிரித்துவிட்டு ஒன்று கேட்கிறாள்: உன் தந்தையும் தாயும் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

சரியான அடி அது. பூதவாதியின் பக்கம் நிற்கும் நானே சொல்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து யாராலும் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. இந்த உலகம் இயற்கை விதிகளால் இயங்குகிறது, அதற்கு வெளியே அதை நடத்துபவர் யாரும் இல்லை என்று நான் சொல்லும்போது, கண்ட பலவற்றிலிருந்து காணாத ஒன்றைப் பற்றி முடிவுக்கு வருகிறேன். அது ஒரு முடிவு, ஒரு கருத்து. அதற்கு நான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். “எனக்குக் கருத்தே இல்லை” என்று நழுவுவது நேர்மை இல்லை. கடவுளைப் பற்றி ஒருபோதும் யோசித்தே இராத ஒருவருக்கு வேண்டுமானால் அது பொருந்தும். யோசித்து, வீட்டில் சண்டை போட்டு, பூணூலையோ சிலுவையையோ கழற்றி வைத்துவிட்டு வந்தவருக்கு அது பொருந்தாது.

ஆனால் என் கருத்தும் பக்தியும் ஒரே வகை என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்கமாட்டேன். நம்பிக்கை தளர்வதை பக்தர் சோதனை என்பார், அதைக் கடந்து வருவதைப் பெரிதாக மதிப்பார். என் கருத்து தளர்ந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நல்ல ஆதாரம் வந்தால் மாற்றிக்கொள்வேன். அதனால் யாருக்கும் துரோகம் செய்தவன் ஆகமாட்டேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்து சிலருடைய வாழ்க்கையே மாறுகிறது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலச் சிறை ஒன்றில் ஒரு கைதி, நாத்திகம் பற்றிப் படித்து விவாதிக்க ஒரு குழு அமைக்க அனுமதி கேட்டார். மதக் குழுக்களுக்கு அங்கே இடம் உண்டு. இது மதம் இல்லையே என்று அவர் மனுவைப் பொழுதுபோக்குக் குழுக்களின் கணக்கில் வைத்து மறுத்துவிட்டார்கள். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது தவறு என்றது. அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பைப் பொறுத்தவரை நாத்திகத்தையும் மதத்துக்கு இணையாகத்தான் நடத்த வேண்டும் என்பது தீர்ப்பு. அந்தக் கைதிக்கு மதம் என்ற பெயர் உதவியது.

இதே பெயரை இங்கே ஒட்டிப் பாருங்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதங்கள் தவிர்த்த வேறொரு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். சீக்கியம் 1956-இலும் பௌத்தம் 1990-இலும்தான் அதில் சேர்ந்தன. நாத்திகமும் ஒரு மதம் என்று நாளைக்குச் சட்டம் சொல்லிவிட்டால், கடவுளை மறுக்கும் ஒரு தலித் இளைஞன் ‘வேறொரு மதத்தைப் பின்பற்றுபவன்’ ஆகிவிடுவான். சாதி அவனை விடாது, இட ஒதுக்கீடு மட்டும் போய்விடும். சும்மா வாதத்துக்காக “நாத்திகமும் மதம்தான்” என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போதும் நம் சட்டம் நாத்திகரை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் வைத்திருக்கிறது. என் பெரியப்பாவின் கல்யாணம் 1967-க்கு முன்பே நடந்த சுயமரியாதைக் கல்யாணம். அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அண்ணா முதல்வரான பிறகு 1967-இல் கொண்டுவந்த திருத்தம்தான், அதற்கு முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. எந்தச் சட்டத்தில் திருத்தம்? இந்து திருமணச் சட்டத்தில். அதன் 7ஏ பிரிவு ‘இரண்டு இந்துக்களுக்கு’ இடையே நடக்கும் திருமணத்தைப் பற்றியது. வாழ்நாள் முழுக்கக் கோயில் வாசலை மிதிக்காத பெரியப்பாவும் பெரியம்மாவும் சட்டத்தின் கண்ணில் இரண்டு இந்துக்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மதத்தை விட்டவர்களுக்கு இன்னும் சிக்கல். தனக்கு ஷரியத்துக்குப் பதிலாகப் பொதுவான வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று கேரளப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கை 2024-இல்தான் உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, உயிருக்கே உத்தரவாதம் இல்லாத நிலையும் உண்டு. 2017 மார்ச்சில் கோவையில், கடவுள் மறுப்பைப் பேசியதற்காகத் திராவிடர் விடுதலைக் கழகத்தின் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஆகவே நான் கேட்பது மதம் என்ற பட்டத்தை இல்லை, மதத்துக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பை. அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதச் சுதந்திரத்துக்கு முன்பாக மனச்சான்றின் சுதந்திரத்தை வைக்கிறது. ஐ.நா.வின் மனித உரிமைக் குழு 1993-இல் கொடுத்த விளக்கமும் தெளிவானது: கடவுளை ஏற்கும் நம்பிக்கை, கடவுள் இல்லாத நம்பிக்கை, கடவுளை மறுக்கும் நம்பிக்கை, எதையும் பின்பற்றாமல் இருக்கும் உரிமை, எல்லாவற்றுக்கும் ஒரே பாதுகாப்பு. நாத்திகத்தை நம்பிக்கை என்று ஒத்துக்கொள்ள நான் தயங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வியின் கடைசியில், “அப்படியானால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் என்ன சொல்வது?” என்றும் கேட்டிருந்தீர்கள். 2011 படிவத்தில் ஆறு மதங்களுக்குக் குறியீட்டு எண் இருந்தது, மற்றவர்கள் தங்கள் மதத்தின் பெயரை முழுதாக எழுதச் சொல்லவேண்டியிருந்தது. நாத்திகர் என்று அப்படிப் பதிவானவர்கள் நாடு முழுவதும் சுமார் 33,000 பேர்தான். அரை நூற்றாண்டு பெரியார் பேசிய மாநிலத்தில் வீட்டுக்கு வீடு இருப்பவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. கணக்கெடுக்க வருபவர் நம் பெயரைக் கேட்டதும் இந்து என்று தானாகவே எழுதிக்கொள்கிறார், நாமும் சும்மா இருந்துவிடுகிறோம், அல்லது பதில் சொல்ல வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். 2027 கணக்கெடுப்புக்கு வரும்போது நீங்களே முன்னால் நின்று பதில் சொல்லுங்கள். ‘மதம் இல்லை’ என்பதா ‘நாத்திகர்’ என்பதா என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் இருக்கலாம். உங்கள் அம்மா சாமி கும்பிடுபவர் என்றால் அவர் பதிலை அவர் சொல்லட்டும். சொன்னபிறகு, கணக்கெடுக்க வந்தவர் என்ன பதிந்தார் என்று ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள்.